நாலு விரற்கடை

நேமத்தான்பட்டியில் அந்த வீடு
கீழத்தெருவில் நுழைந்து
மேலத்தெருவில் வெளியேறும்.
ஒன்பது வாசலும் ஒரே நேர்கோடு.
முதல் நிலையில் நின்றால்
கடைசிச் சுவரின் பல்லி தெரியும்.
கட்டியவர் எதை நினைத்துக் கட்டினாரோ,
எனக்கு அது ஓர் ஆய்வுக் கருவி.

சாவி காளைராசனிடம்.
பினாங்கிலிருக்கும் வீட்டுக்காரர்களிடம்
"காலேஜ் மேடம், லேப் வேலை" என்று
அவரே சொல்லிவைத்திருந்தார்.

ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள்
முந்தானையில் பிரித்த ஒற்றைப் பட்டிழை,
அதில் தொங்கும் காந்தத் துண்டு,
அதன் முதுகில் கம்மலளவு கண்ணாடி.
நாற்பது ரூபாய்ச் சிவப்பு லேசர்
அதில் பட்டுத் திரும்பி
வாசல் வாசலாகத் தாண்டிப் போய்
எலுமிச்சையளவு வெளிச்சமாய்
பின்கட்டுச் சுவரில் உட்கார்ந்தது.

பென்சிலால் குறிக்கப் பார்த்தேன்.
முட்டையும் சுண்ணாம்பும் தேய்த்த சுவர்,
வழுக்கிவிட்டது.
நெற்றியிலிருந்த பொட்டை எடுத்து ஒட்டினேன்.
புரட்டாசிக் கடைசி. மணி ஒன்றரை.

இரண்டு நாளைக்கு முன் சூரியன்
தன்னிலிருந்து ஒரு கவளத்தைப் பிய்த்து எறிந்திருந்தது.
அது வந்து சேரும் இரவு இது.

"அந்த வெளிச்சம் இங்க ஏன் மேடம் விழாது?"
ஓட்டுக்கூரையைக் காட்டினேன்.
உச்சியில் விழுகிற மழை
நேரே கீழே இறங்குகிறதா?
சறுக்கிக்கொண்டு ஓரத்துக்குப் போய்த்தானே கொட்டுகிறது?
நாம் கூரை உச்சிக்குக் கீழே இருக்கிறோம்.
பூமியின் காந்தக் கோடுகள்
நம் தலைக்கு மேல்
கிட்டத்தட்டப் படுத்தே கிடக்கின்றன.
வட ஓரத்திலும் தென் ஓரத்திலும்தான்
அவை தலைகுப்புற இறங்குகின்றன.

கொஞ்சம் யோசித்தார்.
"அப்ப நமக்கு ஒழுகாது."

உமையாள் நிற்பது ஓரத்தில்.
ட்ராம்சோவில் மீன்களுக்குத் தடுப்பூசி போடும் வேலை,
மூன்று வருடம், மூன்று குளிர்காலம்,
ஒவ்வொரு முறையும் மேகம்.
இரண்டு மணிக்குக் கூப்பிட்டாள்.

"வந்துருச்சுடி."
பச்சையா?
"இல்ல. கண்ணுக்குச் சாம்பலாத்தான் இருக்கு.
யாரோ மேல நின்னு கோலமாவத் தட்டிவிட்ட மாதிரி.
போன்லதான் பச்சை."
குரலில் ஏமாற்றம்.
பிறகு "இரு" என்றாள்.
"இரு, இரு."
பிறகு ஒன்றுமில்லை.

நூறு கிலோமீட்டர் உயரத்தில்
அடிபட்ட ஓர் ஆக்சிஜன் அணு
பச்சையாய் ஒளிர வேண்டுமென்றால்
முக்கால் விநாடி
யாரும் அதைத் தொடக்கூடாது.
இன்னும் மேலே, இருநூறுக்கும் மேலே,
சிவப்பாவதற்குக்
கிட்டத்தட்ட இரண்டு நிமிடம்.
அத்தனை ஆளில்லா இடம் வேண்டும் அதற்கு.
இங்கே கீழே
விநாடிக்குப் பலகோடி இடி.
வாங்கியதையெல்லாம் வெளிச்சமாக்காமலே
பக்கத்தில் நிற்பவனிடம் கொடுத்துவிடுகிறது,
காலை எட்டரைக்கு
காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் நான் இருப்பதைப்போல.

போனில் காற்று மட்டும் கேட்டது.
எங்கோ ஒரு நாய்; அங்கத்து நாய்.
மூக்கை உறிஞ்சினாள்.
நான் ஹலோ சொல்லவில்லை.
சர்வதேச அழைப்பின் நொடிகள்
திரையில் ஏறிக்கொண்டிருந்தன,
நூற்றுப் பத்து, நூற்றுப் பதினைந்து.

"செவப்பு" என்றாள். "மேல, ஓரமா.
வெறும் கண்ணுக்கே."

அப்போதுதான் பின்கட்டிலிருந்து
காளைராசன் கத்தினார்:
"மேடம், இது பொட்டை விட்டு எறங்கி நிக்குது!"

லாரி எதுவும் போகவில்லை. காற்றில்லை.
பாட்டிலைப் பூனை தொடவில்லை, பார்த்தேன்.
வெளிச்சம் இடப்பக்கமாக
ஒரு விரற்கடை. பிறகு இரண்டு.
நின்று, கொஞ்சம் திரும்பி, மறுபடி போயிற்று.
கைப்பையிலிருந்த பொட்டு அட்டை முழுவதும்
சுவரில் ஒட்டித் தீர்த்தோம்.
விடியும்போது மொத்தம் நாலு விரற்கடை.

உமையாள் படம் அனுப்பியிருந்தாள்:
வானம் முழுக்கத் தொங்கும் பச்சை,
அதன் மேல்விளிம்பில் மாதுளைச் சாறு.
நான் சுவரைப் படமெடுத்து அனுப்பினேன்.
கோணல்மாணலாகப் பதினோரு பொட்டு.

"உங்கூர்ல என்னடி கலர்?" என்று கேட்டாள்.

மெரூன் என்று அடித்தேன்.